விடை 5, வருவதோ 31 பை 3: பள்ளிக் கல்வி இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: பள்ளிக் கல்வி இயக்குநர் அவர்கள், பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம், கல்லூரிச் சாலை, நுங்கம்பாக்கம், சென்னை.

பொருள்: ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இரவில் இயற்கணித வீட்டுப்பாடத்தில் சிக்கிக்கொள்வது பற்றி.

ஐயா,

நான் திருப்பூர்க்காரன். சாயப்பட்டறைகளிலும் பனியன் கம்பெனிகளிலும் கணக்கு எழுதியே காலம் தள்ளியவன். பேரேட்டில் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாலேயே கூட்டிவிடுவேன். பள்ளிக்கூடக் கணக்குக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை நின்று நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அப்படிப்பட்ட என் வீட்டு வாசலில் போன ஜூலையில் ஓர் இரவு, எட்டு நாற்பதுக்கு, எதிர்வீட்டுப் பெண் நோட்டோடு வந்து நின்றாள். பத்தாம் வகுப்பு. பின்னாலேயே அவள் அம்மா. ஒன்றரை ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருக்கிறார், கையில் சாப்பாட்டுக் கூடைகூட இறங்கவில்லை.

"ஏனுங், இவளுக்கு இந்த ஒரு கணக்கு மட்டும் சொல்லிக் குடுங்க. எனக்கு எட்டாவதோட சரிங்க."

பெண் நோட்டைப் பிரித்தாள். "தாத்தா, விடை அஞ்சுன்னு டீச்சர் போர்டுல எழுதிப் போட்டாங்க. எனக்கு முப்பத்தொன்னு பை மூணு வருதுங்க."

புதுப் பாடத்துக்குப் போகுமுன் பழையதை நினைவூட்டக் கொடுத்த பத்துக் கணக்கில் அது ஒன்று. 5 எக்ஸ் − 2 (எக்ஸ் − 4) = 23. எக்ஸ் எவ்வளவு? இரண்டு முறை முழுதாகப் போட்டிருந்தாள். இரண்டு முறையும் 31 பை 3. மூன்றாவது முறை போட்டு, ரப்பரால் தேய்த்துத் தாளே கிழிந்திருந்தது.

நான் கணக்கைப் போட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, 5 வந்துவிட்டது. "இதோ பார்" என்று என் தாளை அவள் பக்கம் தள்ளினேன். அவள் அதைப் பார்த்தாள், தலையாட்டினாள், தன் நோட்டைப் பார்த்தாள், மறுபடி என் தாளைப் பார்த்தாள். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று உங்கள் ஆசிரியர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. என் விடை அவளுக்குத் தேவைப்படவே இல்லை. விடை 5 என்பது அவளுக்கு மத்தியானத்திலிருந்தே தெரியும். தன் நோட்டில் எந்த வரியில் தப்பு நுழைந்தது என்பதுதான் தெரியவில்லை.

கடைசியில், "நீ போட்டதை வாய்விட்டுப் படி கண்ணு" என்றேன். படித்தாள். "அஞ்சு எக்ஸ், மைனஸ் ரெண்டு எக்ஸ், மைனஸ் எட்டு…" அங்கே குரல் லேசாக இறங்கியது. அவளுக்கே ஏதோ இடறியிருக்கிறது. அடைப்புக்குள் இருந்த மைனஸ் நாலை வெளியே இருந்த மைனஸ் இரண்டு பெருக்கும்போது ப்ளஸ் எட்டு ஆக வேண்டும். அவளுக்கு மைனஸ் எட்டாகவே நின்றுவிட்டது. அந்த ஒரு குறியால் 15-ஐ மூன்றால் வகுக்க வேண்டிய இடத்தில் 31-ஐ வகுத்திருக்கிறாள். மற்ற எல்லா வரியும் சரி. கையெழுத்துகூட அழகு.

"மைனஸ் இன்ட்டு மைனஸ் ப்ளஸ்னு டீச்சர் சொல்லலியா?"

"சொன்னாங்க தாத்தா. ஏன்னு சொல்லலைங்க."

எனக்கும் யாரும் சொன்னதில்லை. எழுந்துபோய் டீ போட்டுக்கொண்டு வந்தேன். அடுப்படியில் நிற்கும்போதுதான் என் தொழில் கைகொடுத்தது. "ஒரு பேனா விலை எக்ஸ்னு வெச்சுக்கோ. உன் கையில அஞ்சு பேனா வாங்கற அளவு காசு இருக்கு. நீ வாங்கினது ரெண்டே பேனா. ஒவ்வொண்ணுக்கும் நாலு ரூபா தள்ளுபடி. அந்தத் தள்ளுபடியால உன் கையில மிஞ்சற காசு கூடுமா, குறையுமா?"

"கூடுங்க."

"எவ்வளவு கூடும்?"

"எட்டு ரூபா." சொல்லி முடிக்குமுன் பென்சில் நோட்டுக்குப் போய்விட்டது. மைனஸ் எட்டின் மேல் ஒரு குத்துக்கோடு போட்டு ப்ளஸ் ஆக்கினாள். 3 எக்ஸ் = 15. எக்ஸ் 5. பிறகு நிமிர்ந்து, "அஞ்சு ரூபா பேனாவுக்கு நாலு ரூபா தள்ளுபடியா? எந்தக் கடைங்க தாத்தா அது?" என்றாள். அம்மாவும் சிரித்துவிட்டார்.

ஐயா, கணக்கைப் போட ஒரு நிமிடம் ஆனது. அவள் எங்கே நின்றாள் என்று கண்டுபிடிக்க இருபத்தைந்து நிமிடம் ஆனது. இந்த இருபத்தைந்து நிமிடத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

வீட்டுப்பாடம் என்ற ஏற்பாடு, வீட்டில் யாரோ ஒருவர் இருக்கிறார் என்று நம்பிக் கட்டப்பட்டது. கூட்டல், பெருக்கல் வரை அந்த நம்பிக்கை ஓரளவு செல்லும். பாட்டிகூடப் பதினாறாம் வாய்ப்பாடு ஒப்பிப்பார். பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் பல்லுறுப்புக்கோவை, மீதித் தேற்றம், தொகுமுறை வகுத்தல் என்று போகும்போது, எங்கள் தெருவில் விளக்கு எரியும் வீடுகள் அத்தனையிலும் கைகொடுக்க ஆள் கிடையாது. 2018-லும் 2019-லும் நீங்கள் கொண்டுவந்த புதிய பாடநூல்களை நான் குறை சொல்ல வரவில்லை. பழையதைவிடக் கனமான நூல்கள், வேண்டியதுதான். பத்தாம் வகுப்பு நூலின் மூன்றாம் இயலைப் புரட்டிப் பார்த்தேன். மூன்று மாறிச் சமன்பாட்டில் தொடங்கி, மீப்பெரு பொது வகுத்தி, வர்க்கமூலம், இருபடிச் சமன்பாடு எல்லாம் தாண்டி அணிகளில் முடிகிறது. ஒரே இயலில் இவ்வளவு. நூலின் பின்பக்கம் விடைகளும் இருக்கின்றன. ஆனால் விடை மட்டும்தான். 31 பை 3 வந்த பிள்ளைக்கு 5 என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் முடிந்துபோகிறது.

வீட்டில் ஆளில்லாத பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? காசிருந்தால் டியூஷன். 2025-இல் ஒன்றியப் புள்ளியியல் அமைச்சகம் எடுத்த கல்வி ஆய்வில், நாடு முழுக்க 27 விழுக்காடு மாணவர்கள் அந்தக் கல்வியாண்டில் தனிப்பயிற்சிக்குப் போனதாக வந்திருக்கிறது. நகரத்தில் 30.7, கிராமத்தில் 25.5. மீதி நாலில் மூன்று பங்குப் பிள்ளைகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை. என் எதிர்வீட்டு அம்மாவுக்கு ஒரு பாட டியூஷன் காசு, ஒரு நாள் ஒன்றரை ஷிப்ட் சம்பளத்தைவிட அதிகம். பள்ளி ஆசிரியர் தனியாக டியூஷன் எடுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு சொல்கிறது. சரியான சட்டம்தான். வாசலை அடைத்த சட்டம் ஜன்னல் எதையும் திறந்து வைக்கவில்லை என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

டியூஷன் இல்லாவிட்டால் கைடு. கைடைப் பார்த்து எழுதிய நோட்டை நான் பார்த்திருக்கிறேன். அடித்தல் திருத்தல் இல்லாமல், கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கும். மறுநாள் அதன்மேல் சிவப்பு டிக் விழும். நேர்மையாகப் போட்டுப் பாதியில் நின்ற பிள்ளை "ஒர்க் முடிக்கலை" என்று வெளியே நிற்கும். பார்த்து எழுதிய பிள்ளை உள்ளே உட்கார்ந்திருக்கும். இது எந்தப் பள்ளி என்று நான் எழுதப் போவதில்லை. ஒரே ஒரு பள்ளியின் கதையும் இல்லை இது.

இப்போது மூன்றாவது வழி ஒன்று வந்திருக்கிறது. போனில் கணக்கைப் படம் எடுத்தால் வரி வரியாகப் போட்டுக் காட்டும் செயலிகள். ஃபோட்டோமேத் மாதிரி ஒன்றை நானும் இறக்கிப் பார்த்தேன். என் வயதுக்காரர்கள் பலர் சொல்வதுபோல் அதைச் சனியன் என்று நான் ஒதுக்க மாட்டேன். கணக்கைப் பிழையில்லாமல் போடுகிறது, சலித்துக்கொள்வதில்லை, கேட்ட பிள்ளையைத் திட்டுவதில்லை. அந்த இரவு என் தாளைத் தள்ளியபோது நானும் அது செய்வதைத்தான் செய்தேன்: சரியான கணக்கைக் காட்டினேன். பிள்ளையின் தப்பான கணக்கைப் படிக்கவில்லை. சாட்ஜிபிடி போன்றவற்றிடம் "என் நோட்டில் எந்த வரி தப்பு" என்று கேட்டால் பல நேரம் சொல்லவும் செய்யும். அப்படிக் கேட்கத் தெரிந்த பிள்ளை முக்கால் கிணறு தாண்டியாயிற்று. தாண்டாத பிள்ளை "ஆன்சர்" என்று மட்டும் தட்டும். இன்னொன்று, எங்கள் தெருவில் அந்த ஸ்மார்ட்போன் அம்மாவோடு கம்பெனிக்குப் போய் எட்டரைக்குத்தான் வீடு திரும்புகிறது.

இந்த இடத்தில் ஒரு சின்ன விலகல், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆல்ஜீப்ரா என்ற சொல் ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் இருந்த அல்-குவாரிஸ்மியின் நூல் தலைப்பில் உள்ள 'அல்-ஜபர்' என்பதிலிருந்து வந்தது. சமன்பாட்டில் குறைந்து கிடப்பதை நிரப்பி, முறிந்ததைச் சேர்த்துக் கட்டுவது என்று பொருள். ஸ்பெயினில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறவரையும் இதே வேரில் 'அல்ஜெப்ரிஸ்தா' என்றுதான் ஒரு காலத்தில் அழைத்தார்கள். நம் புத்தூர்க் கட்டுக்காரர்தான், வேறென்ன. கட்டுப் போடுகிறவர் முதலில் என்ன செய்கிறார்? கையை மெல்லத் தடவிப் பார்க்கிறார். "இங்கே வலிக்குதா? இங்கே?" என்று கேட்டுக்கொண்டே வந்து, பிள்ளை 'ஆ' என்னும் இடத்தில் நிறுத்துகிறார். நாம் கணக்கில் தடவிப் பார்ப்பதே இல்லை. "அந்தப் பக்கம் போனா குறி மாறும்" என்று ஒரு மந்திரத்தைக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். இரண்டு பக்கமும் ஒரே எண்ணைக் கூட்டுகிறோம், அதனால் தராசு சாயாமல் நிற்கிறது என்ற காரணத்தைச் சொல்ல நாற்பத்தைந்து நிமிட வகுப்பில், ஐம்பது பிள்ளைகள் நடுவில், ஆசிரியருக்கும் நேரம் கிடைப்பதில்லை.

நேரம் கிடைக்காமல் போவதற்கு ஒரு காரணத்தை உங்கள் அலுவலகம் அறியும். பத்தாம் வகுப்புக் கணக்குத் தாள் 100 மதிப்பெண். ஒரு மதிப்பெண் வினா 14. வடிவியல் படம் ஒன்று, வரைபடம் ஒன்று, தலா 8, ஆக 16. இரண்டும் சேர்ந்தால் 30. இரண்டு மதிப்பெண் வினாவில் மூன்றைத் தேற்றினால் 36. தேர்ச்சிக்கு 35 போதும். ஜனவரி பிறந்துவிட்டால் மெல்லக் கற்கும் பிள்ளைகள் என்று பிரித்து உட்கார வைத்து, இந்தக் கூட்டலைத்தான் பயிற்சியாகக் கொடுக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த வரைபடம் இயற்கணித இயலைச் சேர்ந்தது. அட்டவணை போட்டு, புள்ளி வைத்து, கோலம் மாதிரி இழுக்கப் பழகிவிட்டால் எட்டு மதிப்பெண். வளைகோடு எக்ஸ் அச்சை வெட்டும் இடம்தான் சமன்பாட்டின் தீர்வு என்பது தெரியாமலேயே வாங்கலாம். அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன், அந்த ஆசிரியரையும். தேர்ச்சி விழுக்காட்டைப் பள்ளிவாரியாகக் கேட்கிற தொலைபேசி எங்கிருந்து வருகிறதோ அங்கேதான் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பில் இப்படி இயற்கணிதத்தைச் சுற்றிக்கொண்டு வந்த பிள்ளை, பதினொன்றாம் வகுப்பிலோ பாலிடெக்னிக் முதலாண்டிலோ அதே அடைப்புக்குறிக்கு முன்னால் மறுபடி வந்து நிற்கிறது. அங்கே சுற்றுவழி கிடையாது.

நீங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று எழுதினால் என் நாக்கு அழுகிவிடும். கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டிலிருந்து ஓடுகிறது. பாடநூலில் விரைவுக் குறியீடு இருக்கிறது. மணற்கேணி செயலி 2023-இல் வந்தது. எல்லாம் நல்லவை. எல்லாமே ஒருவழிப் பாதை: அவை பேசும், பிள்ளை கேட்கும். பிள்ளை பேசி அவை கேட்கிற ஏற்பாடு ஒன்றே ஒன்று இருந்தது. அதுவும் உங்களுடையதுதான்.

2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'. கொரோனாவில் விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட, அந்தந்தத் தெருப் பெண்களே மாலையில் பிள்ளைகளைத் திண்ணையில் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. எங்கள் தெருவிலும் ஓர் அக்கா நடத்தினார். முக்கால்வாசி நேரம் அவர் பேசவே மாட்டார். "எங்க, போட்டுக் காட்டு" என்பார், பிள்ளை போடும், அவர் பார்த்துக்கொண்டே இருப்பார். அதுதான் வித்தை. ஆனால் அந்தத் திட்டம் ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். இயற்கணிதம் முதுகில் ஏறி உட்காருவது ஒன்பதாவதில். ஆற்றில் இடுப்பளவுத் தண்ணீர் வரை கையைப் பிடித்துக்கொண்டு வந்து, சுழி இருக்கிற இடத்தில் விட்ட மாதிரி ஆகிவிட்டது.

இனி நான் கேட்க வந்தது.

உங்களிடம் 14417 என்ற எண் இருக்கிறது. 2018-இல் தொடங்கியது. மேற்படிப்பு வழிகாட்டல், தேர்வு முடிவு நேரத்து மன ஆறுதல், புகார் எல்லாவற்றுக்கும் அதைத்தான் அழைக்கிறோம். அந்த எண்ணில் மாலை ஆறரை முதல் ஒன்பதரை வரை கணக்கு ஆசிரியர் சிலரை உட்கார வையுங்கள். ஸ்மார்ட்போன் வேண்டாம், பொத்தான் போன் போதும். பிள்ளை தன் நோட்டை வாய்விட்டுப் படிக்கட்டும். விடையை ஆசிரியர் சொல்லக் கூடாது. "அடுத்த வரி என்னம்மா" என்று மட்டும் கேட்க வேண்டும். அந்த இரவு என் எதிர்வீட்டுப் பெண்ணின் குரல் மைனஸ் எட்டில் இறங்கியதை எட்டாவது படித்த அவள் அம்மாவும் கவனித்தார். பழகிய ஆசிரியர் காது அதை இரண்டே நிமிடத்தில் பிடித்துவிடும்.

ஆள் எங்கே என்பீர்கள். ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர்கள் ஊர்தோறும் நாளிதழை இரண்டாம் முறை படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பி.எட். படிக்கும் கணிதப் பட்டதாரிகளுக்கு எப்படியும் கற்பித்தல் பயிற்சி உண்டு, அதில் சில மாலைகளை இங்கே கணக்கில் வையுங்கள். லட்சக்கணக்கில் அழைப்பு வந்தால் என்ன செய்வது என்பீர்கள். ஒரு மாவட்டத்தில், ஒன்பதாம் வகுப்புக்கு மட்டும், காலாண்டு வரை நடத்திப் பாருங்கள். அதற்குமேல் எனக்கு நிர்வாகம் தெரியாது. ஆனால் கணக்கு எழுதுகிறவனாக ஒன்று தெரியும். எந்தப் பயிற்சியில், எத்தனையாவது கணக்கில், எந்த வரியில் பிள்ளை நின்றது என்று ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரு பதிவு போட்டுவைத்தால், ஆறு மாதத்தில் உங்கள் கையில் ஒரு பேரேடு இருக்கும். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் இயற்கணிதத்தில் எங்கெங்கே இடறுகிறார்கள் என்பது அதில் தேதியோடு கிடக்கும். உங்கள் வளாகத்திலேயே இருக்கும் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்துக்கு அடுத்த பாடநூலைத் திருத்த இதைவிட என்ன ஆவணம் வேண்டும்?

இரண்டாவது, ஒரு சுற்றறிக்கை. இதற்குப் பைசா செலவில்லை. வீட்டுப்பாடத்தில் முடியாமல் நின்ற கணக்கை, நின்ற வரியில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினால், அது செய்த வீட்டுப்பாடமாகவே ஏற்கப்படும் என்று எழுதுங்கள். இருபது கணக்கு கொடுக்கும் ஆசிரியர் ஐந்து கொடுக்கட்டும். காலையில் அந்த வட்டங்களை மட்டும் புரட்டிப் பார்த்தாலே அன்றைக்கு எதை மறுபடி நடத்த வேண்டும் என்று தெரிந்துவிடும். கைடைப் பார்த்து எழுத வேண்டிய அவசியமும் அந்தப் பிள்ளைக்குப் போய்விடும்.

மூன்றாவதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கம், பழம்பெருமை பேசுகிறேன் என்பீர்கள். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை என்று ஒரு பெரிய பையன் இருப்பான், சின்னப் பிள்ளைகளின் பாடத்தைக் கேட்பான். பிரம்பைத் தூக்கிக்கொண்டு அட்டகாசமும் செய்வான், அது வேறு. எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இந்த ஊர்ப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்து அதைத் தன் பள்ளியில் முறையாக்கி, 1797-இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். மெட்ராஸ் முறை என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. பிரம்பை விட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொள்ளலாம். பதினொன்றாம் வகுப்பில் கணக்கு எடுத்த பிள்ளை, போன வருஷம்தான் அதே அடைப்புக்குறியில் விழுந்து எழுந்தது. எங்கே பள்ளம் என்று என்னைவிட அதற்கு நன்றாகத் தெரியும். வாரம் இரண்டு மாலை, பள்ளி வராண்டாவிலேயே, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார வையுங்கள்.

இவற்றில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால், அந்தச் சுற்றறிக்கையை முதலில் அனுப்புங்கள்.

எதிர்வீட்டுப் பெண் இப்போது வாரத்தில் மூன்று நாள் வருகிறாள். கூட இரண்டு பிள்ளைகளை அழைத்து வருகிறாள். வாசலில் ஒரு டியூப்லைட் போட்டிருக்கிறேன். அடுத்த வாரம் பள்ளியில் மூன்றாம் இயலைத் தொடங்குகிறார்களாம். முதல் பயிற்சியிலேயே மூன்று மாறிகள். எனக்கு இரண்டு மாறி வரைக்கும்தான் தெரியும். அதற்குள் 14417-இல் யாராவது எடுப்பார்களா என்று தெரிவித்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு பழைய கணக்குப்பிள்ளை,
திருப்பூர்.